வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு: முதல் வருஷத்துக்கான முழுமையான வழிகாட்டி

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, கவுன்சிலிங்கில் சீட் வாங்கி, பெட்டி படுக்கையோடு வெளியூர் ஹாஸ்டலுக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரிக்குப் போகாதவர்களுக்காக. கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் வருஷா வருஷம் நான் பார்ப்பது இது: முதல் வருஷத்தில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்குப் படிப்பு நன்றாகவே வரும். ஏதோ ஒரு தேதியைத் தவறவிட்டிருப்பார்கள், ஏதோ ஒரு சான்றிதழ் கையில் இருக்காது, யாரைக் கேட்பது என்று தெரியாது. தெரிந்தாலும் கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பார்கள். படித்த வீடுகளில் அண்ணனோ சித்தப்பாவோ போகிற போக்கில் சொல்லிக்கொடுத்துவிடும் விஷயங்கள்தான் இவை. இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. கல்லூரி திறக்கும் முன்: சான்றிதழ் கட்டு

நல்ல பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்குங்கள். மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றுக்கும் பத்துப் பத்து ஜெராக்ஸ் எடுத்து அதில் வையுங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருபதாவது வேண்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் ஃபைல் தொலைந்தாலும் அது இருக்கும்.

இவற்றோடு இன்னும் இரண்டு சான்றுகள் முக்கியம். ஒன்று, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று. தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் மாதாந்திர உதவித்தொகைக்கும் இதுதான் ஆதாரம். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, முதல் பட்டதாரி சான்றிதழ். ஒற்றைச் சாளர கவுன்சிலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்கிறவர்களுக்கு இதை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. உங்கள் அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் இது கிடைக்காது.

வருமானச் சான்றிதழில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். ஜூன், ஜூலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் தாமதமாகும். மே மாதமே போட்டுவிடுவது நல்லது.

அசல் சான்றிதழ்கள் பற்றி ஒரு வார்த்தை. சேர்க்கையின்போது அசலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அவர்கள் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கல்லூரிகள் மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் அறிவிப்பே வெளியிட்டிருக்கிறது. எதையாவது கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எந்தெந்தச் சான்றிதழைக் கொடுத்தீர்கள் என்று எழுதி, முத்திரையோடு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

2. வங்கிக் கணக்கு: பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

உதவித்தொகை வரவில்லை என்று என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, ‘பள்ளியில் படிக்கும்போது வேறு ஏதாவது கணக்கு திறந்தார்களா?’ என்பதைத்தான். பாதிப் பேருக்கு விஷயம் அங்கேயே தெளிவாகிவிடும்.

ஒரு மாணவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரிக்கு எதிரே இருந்த வங்கியில் புதுக் கணக்கு திறந்து, அந்தப் பாஸ்புக்கைத்தான் கல்லூரியில் கொடுத்திருந்தாள். மாதங்கள் போயின, பணம் வரவில்லை. ‘ஆதார் கொடுத்துவிட்டேனே சார்’ என்றாள். ஆதார் நகலைக் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அதைப் பதிவு செய்வது வேறு. அரசு உதவிகள் ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படுகின்றன. வங்கிகளுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் என்பிசிஐ நிறுவனத்தின் பதிவில் அந்த ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். அவளுடையது ஊரில் எட்டாம் வகுப்பில் திறந்த பழைய கணக்கோடு இணைந்திருந்தது. பாஸ்புக்கைப் பதிய வைத்தபோது ஆயிரம் ஆயிரமாக வரிசையாக வரவு வைக்கப்பட்டிருந்தது. பணம் போகவில்லை, நல்லவேளை. ஆனால் அத்தனை மாதமும் அந்தப் பிள்ளை மெஸ் பில்லுக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகவே முதல் வாரமே இதைச் செய்யுங்கள். மை ஆதார் இணையதளத்தில் உங்கள் ஆதார் எண்ணோடு உள்ளே போனால், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று காட்டும். அது நீங்கள் பயன்படுத்தும் வங்கியாக இல்லாவிட்டால், இப்போதைய வங்கிக்குப் போய், ‘ஆதார் சீடிங் செய்ய வேண்டும், டிபிடி பணம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும்’ என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். சீடிங் என்பது இந்த இணைப்பு, டிபிடி என்பது அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம். அதற்குத் தனி ஃபார்ம் உண்டு. ஆதாரில் இருக்கும் பெயரும் இனிஷியலும் பாஸ்புக்கிலும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கைபேசி எண்ணை மாற்றாதீர்கள். மாற்றினால் அன்றைக்கே ஆதாரிலும் வங்கியிலும் மாற்றிவிடுங்கள்.

சரி, என்னென்ன கிடைக்கும்? மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இரண்டிலும் மாதம் ரூ.1000. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கும் தனித் திட்டங்கள் உண்டு. எதற்குமே உங்கள் யுமிஸ் எண், அதாவது கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பதிவில் தரப்படும் அடையாள எண், தேவைப்படும். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு அதை ஃபைலின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

இவை போதாமல் கல்விக்கடன் வாங்க வேண்டியிருந்தால் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோரை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கு முன் ஒருமுறையாவது வங்கி மேலாளரிடம் போய் உட்காருங்கள்.

3. முதல் இரண்டு வாரம்: யாரை, எப்படிக் கேட்பது

நான்கு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளாஸ் அட்வைசர், அலுவலகத்தில் உதவித்தொகை செக்‌ஷனைப் பார்க்கும் கிளார்க், ஹாஸ்டல் துணை வார்டன், உங்கள் துறையிலேயே இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ படிக்கும் ஓர் அக்கா அல்லது அண்ணன். இந்த நால்வரையும் கேட்டால் வழி தெரியாத பிரச்சினை அநேகமாக இல்லை.

அலுவலக ஜன்னலுக்கு முன் நிற்கும்போது பலருக்கும் வாய் வராது. பின்னால் வரிசை, உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். போகும் முன்பே சொல்ல வேண்டியதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘மேடம், நான் முதல் வருஷம் பி.எஸ்சி. இயற்பியல். உதவித்தொகைக்குப் போனஃபைட் வேண்டும். எந்த ஃபார்ம், கூட என்ன ஜெராக்ஸ் வைக்கணும், எப்ப வந்து வாங்கிக்கலாம்?’ போனஃபைட் என்பது நீங்கள் அந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: யார், எதற்கு, அப்புறம் மூன்று கேள்வி. ‘நாளைக்கு வா’ என்றால், ‘எத்தனை மணிக்கு மேடம்?’ என்று கேட்டுவிட்டு வாருங்கள். கொடுத்த விண்ணப்பத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறைத்தோழர்களோடு முதல் வாரமே சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும். எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, போனில் பேச வெளியே போவதா, அறையை யார் என்றைக்குப் பெருக்குவது. மனக்கசப்பு வந்த பிறகு இதைப் பேசுவது கஷ்டம்.

4. அட்டெண்டன்ஸ் கணக்கு

75 சதவீதம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 68 நாள் வந்தாக வேண்டும். உங்களிடம் இருப்பது 22 நாள். தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள், ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம், அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம் என்று போனால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அப்புறம் டெங்கு வந்து பத்து நாள் படுத்தால்? எதற்கும் பத்து நாளைக் காய்ச்சலுக்கென்று தொடாமல் வையுங்கள்.

65-க்கு மேல், 75-க்குக் கீழ் என்றால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, அபராதம் கட்டித் தேர்வெழுத வழி இருக்கும். அதற்கும் கீழே போனால் செமஸ்டரையே இழக்க நேரலாம். உடம்பு சரியில்லாமல் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் சீட்டு வாங்கி, திரும்பி வந்த நாளே கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் கொண்டுபோய் நீட்டும் சான்றிதழை யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். விளையாட்டு, என்எஸ்எஸ், கருத்தரங்கு என்று போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) உண்டு. ஆனால் போகும் முன்பே கையெழுத்து வாங்க வேண்டும்.

5. ஆங்கிலத்தில் பாடம்

இதுதான் பெரிய பயம். பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளை, கல்லூரி முதல் வாரத்தில் கடைசி பெஞ்சுக்குப் போவது இதனால்தான். பாடம் புரியாமல் போவதற்கு முன்பே, நமக்கு மட்டும் புரியவில்லை என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நான் சொல்லி, பலருக்கும் பலன் தந்த வழி இது. தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பாடத்தின் ஆங்கில வழிப் புத்தகத்தைத் தரவிறக்குங்கள். நீங்கள் தமிழில் படித்துத் தேறிய அதே பாடம், அதே படம், அதே கணக்கு, பெரும்பாலும் அதே வரிசையில் இருக்கும். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால், மொழி மட்டும்தான் புதிது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திசைவேகம் என்று படித்தது வெலாசிட்டி, முடுக்கம் ஆக்ஸலரேஷன், உந்தம் மொமெண்டம். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். வெறும் சொல்லாக எழுதாமல், அது வரும் ஒரு முழு வாக்கியத்தையும் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதுங்கள். தேர்வில் எழுத வேண்டியது வாக்கியம்தானே. முதல் இரண்டு மாதம் விடாமல் செய்தால், வகுப்பில் ஆசிரியர் பேசுவதில் தெரிந்த சொற்கள் வந்து விழ ஆரம்பிக்கும்.

வகுப்புக்குப் போகும் முன் அன்றைய பாடத்தின் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போங்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தமிழிலேயே சந்தேகம் கேளுங்கள். தமிழில் கேட்டால் தாழ்வாக நினைப்பார்கள் என்று எண்ண வேண்டாம். எங்களில் பலரும் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள்தான்.

கலை அறிவியல் படிப்பில் இருந்தால், தமிழில் தேர்வெழுத முடியுமா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் மாணவர்கள் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி 2023-ல் யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தேவைப்பட்டால் இந்த வழியை எடுங்கள். ஆனாலும் ஆங்கில நோட்டை விட்டுவிடாதீர்கள், மேற்படிப்புக்கும் வேலைக்கும் அது வேண்டும்.

6. இன்டர்னல், செமஸ்டர், அரியர்

பள்ளியில் ஆண்டு முழுக்கப் படித்துக் கடைசியில் எழுதுவோம். இங்கே மதிப்பெண் ஆகஸ்டிலேயே சேரத் தொடங்கிவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரிப் பாடங்களுக்குக் கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மதிப்பெண் 40, செமஸ்டர் தேர்வு 60. நூற்றுக்கு எழுதும் தேர்வின் மதிப்பெண்ணை 60-க்கு மாற்றிக் கணக்கிடுவார்கள். தேர்வில் 45 சதவீதமும், இரண்டையும் சேர்த்து 50 சதவீதமும் எடுத்தால்தான் பாஸ். இன்டர்னலில் 30 வைத்திருப்பவர் செமஸ்டர் தேர்வில் நூற்றுக்கு 45 எடுத்தாலே போதும். இன்டர்னலில் 15-தான் என்றால் அதே தேர்வில் 59 எடுக்க வேண்டும். அசைன்மெண்டைத் தேதியில் கொடுப்பதற்கும், ரெக்கார்டு நோட்டில் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்குவதற்கும் இருக்கும் மதிப்பு இதுதான். கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் 25-க்கு இன்டர்னல், 75-க்குத் தேர்வு. உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களில் இந்த விதி இருக்கும், படித்துவிடுங்கள்.

படிப்பதற்குக் கடந்த ஐந்து வருஷக் கேள்வித்தாள்களை எடுத்து, யூனிட் வாரியாகக் கேள்விகளைப் பிரித்து எழுதுங்கள். எந்தப் பகுதி திரும்பத் திரும்ப வருகிறது என்று அந்தத் தாளிலேயே தெரியும். சீனியரிடம் நோட்ஸ் வாங்கலாம், ஆனால் அதில் தவறுகளும் கைமாறிக்கொண்டே வரும். ஒருமுறை புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

அரியர் விழுந்தால், அதாவது ஒரு பாடத்தில் தேறாமல் மறுபடி எழுத வேண்டியிருந்தால், வீட்டில் மறைக்காதீர்கள். மறைக்கத் தொடங்கினால் தேர்வுக் கட்டணம் கேட்கவும் தயங்குவீர்கள், அந்தத் தயக்கத்தில் அடுத்த வாய்ப்பும் போய்விடும். மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றால் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்து, பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் சொன்னால் மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள். முடிவு வந்த சில நாட்களுக்குள் இதன் கடைசித் தேதி முடிந்துவிடும்.

7. மெஸ்ஸும் மாதச் செலவும்

பெரும்பாலான அரசு, உதவிபெறும் கல்லூரி ஹாஸ்டல்களில் டிவைடிங் முறை. மாதச் செலவை மொத்தமாகப் போட்டுச் சாப்பிட்ட நாட்களுக்கு வகுத்து ஒவ்வொருவருக்கும் பில் வரும். ஊருக்குப் போகும்போது ‘மெஸ் கட்’ (இந்த நாட்களில் சாப்பாடு வேண்டாம்) என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்கள் கழியும். எத்தனை நாள் தொடர்ந்து இல்லாவிட்டால் கழிப்பார்கள் என்பது ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் மாறும். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் வரும் பணத்தில் மெஸ் பில்லையும் ஊருக்குப் போகும் செலவையும் முதல் தேதியே ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்கு. ஜிபே இருப்பதால் டீயும் பரோட்டாவுமாகப் போவது கண்ணுக்குத் தெரியாது. சில நாட்களுக்கு ஒருமுறை ஹிஸ்டரியைப் பாருங்கள். காலைச் சாப்பாட்டை மட்டும் விடாதீர்கள். பத்து மணி வகுப்பில் மயங்கி விழும் பிள்ளைகளில் பலர் எதுவும் சாப்பிடாமல் வந்தவர்கள்தான். கைபேசியில் உடனடிக் கடன் தரும் செயலிகள் பக்கமே போகாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

8. பஸ், ரயில்

அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பாஸ் உண்டு. மாணவிகள் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பாஸ் இல்லாமலேயே இலவசமாகப் போகலாம். ரயிலில் தினமும் வந்து போகும் மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும்போதும் ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பில் மாணவர் சலுகை 50 சதவீதம், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 75 சதவீதம். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சலுகைப் படிவத்தோடு ரயில்வே கவுண்ட்டரில்தான் எடுக்க வேண்டும். அலுவலகத்தில் அந்தப் படிவம் இருக்கும், கேட்டால் தருவார்கள்.

9. ராகிங், மனச்சோர்வு

சிதம்பரத்தில் 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம். ‘சும்மா ஜாலிக்கு’ என்று சொல்லிச் சட்டையைக் கழற்றச் சொன்னாலும், சாதியைக் கேட்டாலும், ரெக்கார்டு எழுதச் சொன்னாலும் அது ராகிங்தான். வார்டனிடம் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் அவர்களிடம் கூறுங்கள்.

முதல் மாதம் வீட்டு நினைவு வந்து அழுவது எல்லோருக்கும் உண்டு. தீபாவளிக்குள் பெரும்பாலும் குறைந்துவிடும். குறையாமல், தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வகுப்புக்கு எழுந்து போகவே முடியாமல் இரண்டு வாரம் தாண்டினால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலோ, 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ தமிழிலேயே பேசலாம், இலவசம். பக்கத்து அறையில் யாராவது இப்படி இருந்தால், ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டு அவர்களோடு போய் உட்காருங்கள். அவர்கள் தானாக வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

10. வகுப்புக்கு வெளியே

சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா. மதுரையில் இருந்தால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஹாஸ்டலில் படிக்க இடமில்லாதவர்களுக்கு இவற்றைவிட நல்ல இடம் கிடையாது. அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது.

ஐஐடி ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். முதல் வருஷம் ஒன்று போதும். தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வழியாக வரும் பயிற்சிகளையும் விடாதீர்கள். பகுதி நேர வேலைக்குப் போக வேண்டிய வீட்டுச் சூழல் இருந்தால் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது இருப்பதிலேயே நல்லது, நேரம் உங்கள் கையில் இருக்கும். இரவு முழுக்க விழிக்க வைக்கும் டெலிவரி வேலை மறுநாள் அட்டெண்டன்ஸைத் தின்றுவிடும்.

இரண்டாம் வருஷம் தொடங்கும்போது ஒரு வேலை இருக்கிறது. உதவித்தொகையை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், தானாகத் தொடராது. வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியையும் ஆன்லைனில் மறுபடி நிரப்பச் சொல்வார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன முதல் வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கல்லூரி திறக்கும்போது அது கையில் இருக்கும்.